அணிலுக்கு உகந்த நாட்கள்

தினமும் காலையில் பல் துலக்கி முடித்ததும், இவர் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, “அம்மா, என் பழத்த யாரு கடிச்சது?” என்று கீச்சுக் குரலில் கேட்டுப் பார்க்கிறார். கடைசிச் சொல் வழுக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறினால், அன்று அணிலுக்கு உகந்த நாள். பாதியிலேயே கரகரத்து உட்கார்ந்துவிட்டால், வெளியிலிருந்து கணவர் குரல் கொடுக்கிறார்.

“என்னடி, இன்னைக்கு மாமியார் வந்துட்டாளா?”

“வந்துட்டா. மொதல் அர்ச்சனை உங்களுக்குத்தான்!”

நாற்பதைத் தாண்டிய இவர், பின்னணிக் குரல் கலைஞர். குழந்தைகளுக்கான பொம்மைப் படத்தொடரில் வரும் அணில் குட்டிக்குப் பேசிப் பேசி, ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘அணில் அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாதவிலக்கு முடிந்த வாரத்தில் இவர் குரல் கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. குழந்தைகளும் குட்டி விலங்குகளும் அப்போதுதான். அடுத்த விலக்கு நெருங்க நெருங்கக் குரல் தடித்து இறங்கும். கொடுமைக்கார மாமியார், கடற்கொள்ளைக்காரி, பேய் ஆகியோரை அந்நாட்களுக்கென ஒதுக்கி வைத்திருப்பார். வயிற்றுவலி பிடுங்கும் முதல் நாளில் வசனமே கிடையாது. வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் முணுமுணுப்புக்கும் விம்மலுக்கும் மட்டும் போய் வருவார். “அன்னைக்கு அழறதுக்கு நடிக்கவே வேணாம்” என்பார்.

வேலைக்குச் செல்கையில் வளையல் அணியார். மொடமொடக்கும் துணியும் உடுத்தார். ஒலிவாங்கிக்குக் காது அதிகம். பேருந்தில் இடித்த ஒருவரிடம் கடற்கொள்ளைக்காரி இவரையும் மீறி வெளிப்பட்டுவிட, அம்மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனதுண்டு.

இந்த ஒழுங்கின் காரணத்தைக் கூடத்தில் எவரிடமும் சொல்லாமலே இருந்துவந்தார். ஒலிப்பதிவுத் தேதி இடறும்போதெல்லாம், “சளி புடிச்சிருக்கு தம்பி” என்று தள்ளிப்போடுவார். சென்ற வாரம் அதுவே வினையானது. தொடர் முன்கூட்டியே ஒளிபரப்பாகப் போகிறதென்று இயக்குநர் அவசரமாக வரவழைத்தார். எத்தனை முறை முயன்றும் அணிலின் குரல் எழும்பவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மாற்றுக் குரலுக்கென அழைக்கப்பட்ட இளம்பெண் காத்திருந்தாள்.

“மாசாமாசம் சளியாக்கா உங்களுக்கு?” இயக்குநரின் எரிச்சல் காதுக்கருவியில் ஒலித்தது. “முடியலன்னா சொல்லிடுங்க. அணில இந்தப் பொண்ணுக்குக் குடுத்துடறேன்.”

ஆண்டுக்கணக்கில் வளர்த்த குட்டி. இவர் நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தார்.

“சளி இல்ல தம்பி. எனக்கு பீரியட்ஸ் வரப்போகுது. அதுக்கு முன்னாடி குரல் தடிச்சுடும். அடுத்த வாரம் கூப்பிடுங்க, அணில் தானா வந்து நிக்கும்.”

ஒலிப்பதிவாளர் தம் பொத்தான்களைப் புதிதாய்க் காண்பவர்போல் ஆராயத் தொடங்கினார். இளம்பெண்தான் முதலில் வாய் திறந்தாள்.

“சார், எனக்கும் இன்னைக்கு அதே கததான்.”

“அப்ப அணிலுக்கு நானா கத்தறது?” என்றார் இயக்குநர். சிரிப்பு அடங்கியபின் தாள்களைப் புரட்டினார். “சரி, அணில் அடுத்த வாரம். ஆந்தைக் கிழவி சீன் ஒண்ணு கெடக்கு. அத இப்பப் பேசுறீங்களாக்கா?”

குரலை மெலிதாக்க அதுவரை சிறுகச் சிறுக விழுங்கிக்கொண்டிருந்த தேன் தண்ணீரை இவர் எட்டத் தள்ளி வைத்தார். தொண்டையைச் செருமாமல், ஒலிவாங்கியை உதட்டருகே இழுத்துக்கொண்டார்.