மிளகாய்க்காட்டு மேஸ்திரியம்மா

பந்தல்குடிப் பக்கம் மிளகாய்ப்பழம் எடுக்கப் போன எங்களுக்கு அந்த அம்மாதான் ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. ஒல்லியான உடம்பு, ஓங்கிய குரல். வேலை எவ்வளவு நெருக்கினாலும் உச்சிவெயிலில் எங்களை உட்காரவைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பார்.

ஒருநாள் எங்களில் ஒருத்தி வெயிலில் மயங்கி விழுந்தாள். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் வந்து கத்தினார்.

"லோடு ஏத்த வண்டி நிக்கிது. ஒக்காந்து வேடிக்க பாக்குறீகளா?"

"இவ எந்திரிக்கட்டும், வாரோம்" என்றார் மேஸ்திரி.

"அவள ஓரமாப் போட்டுட்டு வாங்க."

மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பினார். "கெளம்புங்க, வீட்டுக்குப் போவோம்."

எடுத்த பழத்தை அப்படியே விட்டுவிட்டு, அவளைத் தாங்கிக்கொண்டு நடந்தோம்.

அதன்பிறகு எந்தக் காட்டுக்காரரும் மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. மயங்கியவளை ஓரமாகப் போடச் சொன்னவர் ஊரில் பெரிய மனிதராம். அவளைத் தாங்கிக் கூட்டிவந்த மேஸ்திரிக்குத் திமிராம்.