ரப்பர் பாலால் அடைத்த மூடி

மலாயாவில், கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் துரையின் காரை ஓட்டினேன். மழைக்காலத்தில் எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோ நனைந்து கார் அடிக்கடி நின்றுவிடும். ஒருநாள் அதன் மூடியைச் சுற்றி ரப்பர் பாலைப் பூசி, காற்றுகூடப் புகாமல் அடைத்தேன். துரை தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை, பால்வெட்டும் முனியன் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓடிவந்தான்.

"அண்ணே, வீட்டுக்காரிக்குப் பிள்ளை குறுக்கே கிடக்குதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

துரையும் சம்மதித்தார். முனியன் அவளைத் தூக்கிவந்து, பின்சீட்டில் தன் மடியில் சாய்த்துக்கொண்டான். கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றினேன். கார் உறுமவே இல்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினேன், பிளக்கைத் துடைத்தேன். மூடிக்குள் தண்ணீர் போக வழியில்லை என்ற திமிரில் அதை மட்டும் தொடவில்லை. பின்சீட்டில் அவள் முனகல் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் ரப்பரைக் கிழித்தேன். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். நான் அடைத்தபோதே சிக்கிய ஈரம், எஞ்சின் சூட்டில் ஆவியாகி, ஆறியதும் அங்கேயே படிந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்ததும் ஒரே சுற்றில் கார் கிளம்பியது.

"இனி எதுக்குண்ணே," என்றான் முனியன், மடியில் கிடந்தவளின் கண்களை மூடிவிட்டு.

இப்போது எந்த மூடியை மாட்டினாலும் அடியில் ஒரு சிறு துளை விடுகிறேன். கார் உடனே கிளம்பிவிடுகிறது. அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.