சாவி என் இடுப்பில்

எங்கள் மலை ஊருக்கு பஸ் குறைவு என்று சொல்லி, பதினேழு வயது மகனுக்குப் பழைய கார் வாங்கிக் கொடுத்தார் என் கணவர். லைசென்ஸ் இல்லையே என்றேன். "மலையில எவன் புடிக்கப் போறான்?" என்றார். பெட்ரோல் மிச்சமாகுமென்று, இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு ஓட்டவும் அவரே பழக்கினார்.

போன மாதம் அப்படித்தான் போளூருக்கு இறங்கினோம். மகன் ஓட்ட, நான் பின்சீட்டில். இன்ஜின் அணைந்திருந்ததால் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. "நிக்கலம்மா!" என்று மகன் அலறினான். ஓரத்துப் புளியமரத்தில் மோதி நின்றிராவிட்டால் பள்ளத்தில் கிடந்திருப்போம்.

பைக்கில் பின்னால் வந்த கணவர், "இன்னாடா ஓட்ற?" என்று மகனை அறையக் கை ஓங்கினார்.

"கத்துக் குடுத்தது நீதான்யா!" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

இப்போது சாவி என் இடுப்பில். பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்ததும் மகனுக்குத் தருவேன். அவன் அப்பாவுக்குத் தரவே மாட்டேன்.