அமலராணியின் ஆட்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் யாருக்கு ஆள் குறைந்தாலும் முதலில் அமலராணிக்குத்தான் போன் வரும். பேச்சு நீளாது. நாளைக்கு நாலு ஆளு என்பார்கள். சரிங்க என்பாள். விடிந்ததும் பெண்களைக் கூட்டிக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போய்விடுவாள்.

கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறவள் இல்லை. அவளும் கூடவே குந்திவிடுவாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பியூஸ் கட்டைகளில் பிசிறைப் பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குகிற வேலை. வருடக்கணக்காகக் குந்திக் குந்தி முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. சாயங்காலம் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். கொடுப்பவள் வீராயி. இருவரும் கல்யாணமான புதிதில் ஒரே வாரத்தில் வேலைக்கு வந்தவர்கள். வீராயி நாலைந்து வயது மூத்தவள்.

அந்த நாளில் இந்தப் பெண்கள் எல்லோருக்கும் ‘பொம்பளை ஆளு’ என்று பெயர். ஆர்டர் நெருக்கினால் ‘கை’ ஆவார்கள். இன்னும் ரெண்டு கை கூட்டிட்டு வா என்பார் முதலாளி. ஆபீசில் ‘லேபர்’. ஒரு மே தினத்தில் கொடியேற்ற வந்தவர் இவர்களைப் பார்த்துத் ‘தொழிலாளத் தோழர்களே’ என்றபோது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று வீராயி திரும்பிப் பார்த்தாள். அமலராணி இந்தப் பெயர் எதையும் வாயில் எடுத்ததில்லை. கூட வருகிறவர்கள் அறுபதைத் தொட்டவர்களானாலும் அவளுக்கு ‘நம்ம புள்ளைங்க’தான்.

போன தை கழிந்ததும், அவர்கள் அதிகம் போகிற கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர் பிரபாகரன் அவளை உள்ளே கூப்பிட்டார். இனி பேட்டையில் எல்லாக் கம்பெனிக்கும் மேன்பவர் சென்னை ஏஜென்சி வழியாகத்தான் என்றார். நாற்பத்தைந்து தாண்டியவர்களை அவர்கள் சேர்க்க மாட்டார்களாம். அவள் கூட்டிவருகிற பெண்களில் வீராயியும் திரௌபதியும் தாண்டியவர்கள். அமலராணியும்தான்.

“உங்களை விடலம்மா. நீங்க சூப்பர்வைசர். நாற்காலி போட்டுத் தரேன், உக்காந்து பாத்துக்கிட்டா போதும்” என்றார்.

நாற்காலி என்றதும் முட்டி இரண்டும் அவளுக்கு முன்னால் சம்மதித்துவிட்டன. அதை நினைத்து வழியெல்லாம் கூசினாள்.

திரௌபதி மகள் வீட்டோடு போய்விடுகிறேன் என்று லேசாகச் சொல்லிவிட்டாள். வீராயிக்குப் போக்கிடம் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம்; பிள்ளை கிடையாது. சாயங்காலம் தன் வீட்டில் அடுப்பை ஊதிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்டாள். டீயை ஆற்றி அமலராணி கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நானும் வரலன்னு சொல்லிடட்டுமாக்கா?”

“சொல்லிட்டு? ரெண்டு பேரும் குந்தி எந்திரிக்க முடியாம கெடக்கறதுக்கா? நீ போ, அமலா. ஒருத்தியாவது நாற்காலில உக்காரு.”

வீராயி காலி டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அமலராணிக்கு.

நாற்காலி வந்தது. கழுத்தில் அட்டை தொங்கியது. பழைய பெண்களில் வயது குறைந்தவர்களை ஏஜென்சி வேறு கம்பெனிகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டது. திட்டக்குடிப் பக்கமிருந்து வேனில் புதுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். சின்ன வயது, வேகமான கை. ஆனால் இந்த வாரம் வந்த முகம் அடுத்த வாரம் இல்லை. முதலில் ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆடி பிறப்பதற்குள் கேட்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் பிரபாகரன் வந்து எத்தனை பேர் என்று கேட்டார். “ஏழு ஆளு சார்” என்றாள். சொன்ன பிறகுதான் அந்த ‘ஆளு’ தன் காதில் விழுந்தது. முட்டி வலி குறைந்திருந்தது. ஆனால் உடம்பு முன்னைவிட அசதியாக இருந்தது.

வீராயி முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டும், போய்ப் பார்க்கக் கால் வராமல் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து நேரே அவள் வீட்டுக்கே போனாள்.

கதவு திறந்திருந்தது. வீராயி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். முந்திரி ஓட்டின் பால் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்திருந்தன. அமலராணி சுவரைப் பிடித்து மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாடத்தில் தேங்காயெண்ணெய்ப் பாட்டில் இருந்தது. கொஞ்சம் ஊற்றி ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

வீராயி விழித்துக்கொண்டாள்; ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

“எரியுதாக்கா?”

“நேத்து எரிஞ்சிது. இப்ப இல்ல.” கையை இழுத்துக்கொள்ளாமல் வீராயி இன்னும் சாய்ந்துகொண்டாள். “செத்த நேரம் தூங்கிக்கறேன். நீ போயிடாத.”

போகவில்லை என்றாள் அமலராணி. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் சுவரில் தலையைச் சாய்த்தாள்.