உதட்டில் தொட்ட கரிசல்

நர்சிங் மூன்றாம் வருடம். கடைசி நாள்களில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எங்களுக்கு ஒரு பாடம். படித்தால் போதாது, ஒருவர் பக்கத்தில் இருந்து கவனித்து நோட்டில் எழுதவும் வேண்டும். எனக்கு வாய்த்தவர் பசுவந்தனைப் பக்கத்தில் கரிசல் புஞ்சையில் பாடுபட்ட சம்சாரி ஒருவர். வயிற்றில் புற்று. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை.

அறிகுறிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பாதம் குளிரும், முழங்காலில் நீலம் படரும், மூச்சு விட்டுவிட்டு வரும். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன். எமனே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான் என்ற நினைப்பு எனக்கு.

அன்று காலை அவர் மனைவி ஒரு கிண்ணத்தோடு வந்தார். புஞ்சை மண்ணை அள்ளி வந்து தண்ணீரில் கரைத்திருந்தார்.

“மண்ணாசைலதான் இழுத்துக்கிட்டுக் கெடக்காவ, தாயி. வாயில ரெண்டு சொட்டு விடுதேன். நிம்மதியாப் போவாவ.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “விடக் கூடாதும்மா. அவங்களால முழுங்க முடியாது, மூச்சுக்குழல்ல போயிரும்” என்று தடுத்தேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். “ஆயுசு பூரா அந்தப் புஞ்சையிலயே கெடந்தாவ. இதைக்கூட செய்யாம அவியள அனுப்பிட்டு, மிச்ச நாள நான் எப்படித் தாயி ஓட்டுவேன்?”

உலர்ந்த உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. என்ன தண்ணீர் என்பதை மட்டும் கொஞ்சம் மறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பஞ்சை அந்தக் கிண்ணத்தில் நனைத்து, ஒட்டப் பிழிந்து அவரிடம் கொடுத்தேன். “உதட்டுல மட்டும் தடவுங்கம்மா.”

தடவினார். மூன்று நாளாக அசையாத நாக்கு மெல்ல வெளியே வந்து உதட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. கண் திறக்கவில்லை. ஆனால் குரல் வந்தது.

“மழ பெஞ்சிருக்கா?”

நான் படித்த எந்தப் பக்கத்திலும் இது இல்லை. வெளியே புரட்டாசி வெயில் பொரிந்துகொண்டிருந்தது. விதைப்புக்கு ஒரு பொட்டுத் தண்ணீர்கூட விழாத வருடம். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கணவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

சாகிறவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். நான் அவர் காதோரம் குனிந்தேன்.

“நல்ல மழ, ஐயா. புஞ்சைக்குள்ள கால் வச்சா புதையுது.”

அவர் நெற்றிச் சுருக்கம் மெதுவாகத் தளர்ந்தது. “ஈரம் காயிறதுக்குள்ள வெதச்சிருங்க” என்றார்.

அடுத்த மூச்சு நெடுநேரம் கழித்து வந்தது. அதற்கடுத்ததற்குக் காத்திருந்தோம். வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் பக்கத்தில் என்னையும் இருக்க விட்டார்களே என்ற பிரமிப்பு எனக்கு.

முடிந்துவிட்டது என்று அந்த அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். வாயெடுப்பதற்குள் அவர் குனிந்து கணவரின் காதில் சொன்னார்.

“வெதச்சிருதேன்.”