முதலாளியம்மாவுக்கு வழி காட்டியது

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றி, படகில் போய், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஏரிக்கு மேலே பங்களாத் தெருக்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. முதலாளிகளெல்லாம் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தார்கள். கேட்டில் பூட்டு தொங்கும். ஒன்பது வயதில், காலாண்டு லீவுக்கு என் ஊரான கொட்டச்சேட்டிலிருந்து அத்தை வீட்டுக்குப் போன நான், அந்தத் தெருக்களுக்கு என்னை நானே ராணியாக நியமித்துக்கொண்டு சுற்றினேன்.

அத்தை அங்கே ஒரு பங்களாவைப் பார்த்துக்கொண்டாள். பின்னால் அவளுக்கென்று ஒரே அறை. அந்த வருஷ மழைக்கு அது முழுக்க ஒழுகியது. பிரசவத்துக்கு வந்திருந்த அத்தை மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பன்னிரண்டு நாள் குழந்தையோடு முதலாளியின் கட்டிலிலேயே படுத்திருந்தாள்.

"வெளிய மூச்சு உட்ராத சாமி. தெரிஞ்சா வேலையும் போயிரும், ஊடும் போயிரும்" என்று அத்தை சொல்லியிருந்தாள்.

ஒரு மத்தியானம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கார் வந்து என் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த அம்மாள் ஒரு வீட்டைத் தேடுவதாகச் சொன்னார். ராணி விடுவாளா? முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க அப்பா கட்டின வீடு பாப்பா. சின்ன வயசுல வந்தது, வழி மறந்துபோச்சு. கேட்டுல ரெண்டு இரும்பு மயில் இருக்கும்."

அது அத்தையின் கேட். அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் போனால் வீடு. "வலது பக்கமுங்க" என்றேன்.

அதற்கப்புறம் நான் காட்டாத தெரு இல்லை. "பனி நொம்ப இருக்குதுங்க, வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கோணுமுங்க" என்றும் சொன்னேன். கார் சத்தமே கேட்காத இடம். ஹாரன் கேட்டால் அத்தை உஷாராகிவிடுவாள் என்று நம்பினேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தால்? குழந்தை வீரிட்டு அழுதால்?

"இந்த நாயை இப்பத்தானே பாத்தோம்?"

"இங்க எல்லா நாயும் இப்படித்தானுங்க இருக்கும்."

மூன்றாவது சுற்றில் அந்த அம்மாள் என்னையே பார்த்தார். இனி முடியாது என்று வீட்டைக் காட்டினேன்.

அத்தை மூச்சிரைக்கக் கேட்டைத் திறந்தாள். படுக்கையறையில் அக்காவும் இல்லை, குழந்தையும் இல்லை. கட்டிலில் சுருக்கமில்லாமல் ஒரு புது விரிப்பு. அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

கடைசியில் எழுந்தார். "இந்த வீடு எனக்குக் குளிரும்மா. நான் ஓட்டல்ல தங்கிக்கிறேன். இந்த ரூமை மட்டும் பூட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பின்னறையில் மூச்சுக் காட்டாமல் பால் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவைக் கட்டிக்கொண்டு அத்தை அழுதாள். நான் குதித்தேன். சொந்த வீட்டை விட்டு ஓட்டலுக்குப் போன அசட்டுப் பணக்காரியை ஏமாற்றியதாகப் பல வருஷம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம், தூங்கிக்கொண்டிருந்த என் மகளை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டு மெத்தைக்குப் புது விரிப்புப் போட்டேன். சுருக்கத்தை நீவும்போது கை நின்றுவிட்டது. விரிப்புக்கு அடியில் மெத்தை இன்னும் கதகதப்பாக இருந்தது.