வேலை கேட்டு வந்தவளைப் படிக்க அனுப்பிய அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும்படி போதகர் கேட்டபோது, "புகழ்ந்து எழுதினா அக்காவுக்குப் பிடிக்காதே ஐயா" என்று தயங்கினேன். "புகழ வேணாம் லா தம்பி, நடந்தத எழுதுங்க" என்றார். எனவே நடந்ததை எழுதுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சிடாம் கிரி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் சேர்த்தார். அம்மா மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து முடித்த அக்கா, பீடோங்கில் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றார். மலாய் பழக்கும் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் மொழி புரியாமல் முதல் சில வாரங்கள் திணறினாராம். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும் மலாய்க் கடைப் பலகைகளை எல்லாம் உரக்க வாசிப்பார். கூட வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அக்கா அதைச் சட்டை செய்ததில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் முடித்தபோது எங்கள் தோட்டத்தில் அவரை விட நல்ல தேர்ச்சி பெற்றவர் யாரும் இல்லை.

ஆனாலும் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அப்போது எங்கள் சபையில் இருந்த பழைய போதகருக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரியோடு தொடர்பு இருந்தது. அங்குள்ள சபைப் பெண்கள் சேர்ந்து ஒரு வெளிநாட்டு மாணவிக்குப் படிப்புக்கான உபகாரச் சம்பளம் தருவார்கள் என்று அவர் சொல்ல, அக்கா விண்ணப்பித்தார். கிடைத்துவிட்டது. விமான டிக்கெட்டுக்கு பீடோங் சபையார் காணிக்கை எடுத்தார்கள். தைப்பிங் நகரைத் தாண்டிப் போயிராத எங்கள் அக்கா, ஒரு கம்பளிச் சட்டையைக் கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்.

அவர் போய்ச் சேர்ந்தது தென் அமெரிக்க நாடுகளில் ஒன்று என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டார்கள். அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி. அந்தக் கல்லூரி, கறுப்பின மக்கள் படிப்பதற்கென்றே எழுந்த கல்லூரி. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களின் பிள்ளைகளை மற்ற கல்லூரிகள் உள்ளே விடாத காலத்தில், அவர்களின் சபைகளே கைக்காசு போட்டு வளர்த்த இடம். அங்கே படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அக்காவும் அப்படித்தான். "அங்க யாரும் என்னைய விநோதமா பாக்கல தம்பி" என்று பின்னாளில் சொல்வார்.

படிப்போடு அக்கா கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் பகுதிநேர வேலையும் பார்த்தார். அந்த அலுவலகத்தை நடத்தியவர் மிஸ் எட்னா என்ற கறுப்பின அம்மையார். கல்லூரி திறக்கும் முன், இடமும் உதவிநிதியும் கிடைத்தும் பதில் போடாத பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைப்பது மிஸ் எட்னாவின் வழக்கம். தொலைபேசியில் பிடிக்க முடியாதவர்களை வீட்டுக்கே தேடிப் போவார். ஒரு முறை அக்காவையும் கூட்டிப் போனார். அந்தக் கதையை அக்கா எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பையனோட அம்மா வாசல்லயே உக்காந்து பயறு உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ள வாங்கன்னுகூட சொல்லல. வருமானத்த எழுதிக் குடுத்தாதான் அரசாங்க உதவி கிடைக்கும். எழுதிக் குடுத்தா வேற ஏதாச்சும் புடுங்கிக்குவாங்களோன்னு அந்தம்மாவுக்குப் பயம். மிஸ் எட்னா பக்கத்துல உக்காந்து அதுவும் பயறு உரிக்க ஆரம்பிச்சுருச்சு. நானும் உரிச்சேன். சபை, வெயிலு, முட்டி வலி, எல்லாம் பேசியாச்சு. கடைசில அந்தம்மாவே, 'சரி, எங்க கையெழுத்து போடணும்?'னு கேட்டுச்சு."

"காசு இல்லேன்னு எந்தக் குடும்பமும் வாயால சொல்லாது. சத்தமில்லாம ஒதுங்கிரும். நாமதான் தேடிப் போகணும்" என்பது மிஸ் எட்னா அக்காவுக்குச் சொன்னது.

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். அக்கா ஊர் திரும்பினார். அரசு வேலை அமையவில்லை. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் சேர்ந்தார். ஆப்பரேட்டர் வேலைக்கு ஆள் எடுப்பது அவர் பொறுப்பு. அக்காவின் வாழ்க்கையைத் திசை திருப்பியது அந்த மேசைதான்.

ஒரு நாள் பாடாங் செராயிலிருந்து கவிதா என்ற பெண் வேலை கேட்டு வந்தாள். சான்றிதழ்களைப் பார்த்த அக்கா நிமிர்ந்தார்.

"இவ்ளோ நல்ல ரிசல்ட் வெச்சிருக்க. யூனிவர்சிட்டிக்குப் போடலயா?"

"போட்டேன் ஆன்ட்டி. கிடைச்சிருச்சு. போகல."

"ஏன்?"

கவிதா கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாளாம். அக்கா அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாலையில் என் வேலையிடத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, காடிய எடு. பாடாங் செராய் போகணும்" என்றார். இருவரும் காரில் கிளம்பினோம்.

கவிதாவின் அப்பா முனியாண்டி செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை அறுப்பவர். மட்டை விழுந்து தோள் எலும்பு முறிந்து, கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா யார் என்று தெரிந்ததும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"நீங்கதானா என் மகளுக்கு வேலை இல்லேன்னு சொன்னது? நான் கைய தூக்க முடியாம கெடக்கேன். வேலையும் குடுக்க மாட்டீங்க, படிக்க வைன்னு சொல்லவும் வந்துட்டீங்க. நல்லா இருக்கு லா உங்க நியாயம்!"

அக்கா முன்கோபக்காரர் என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். நான் அவரைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம் என்று எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்தா போதுமா? இல்ல, அத கவிதாதான் கொண்டு வரணுமா?"

அவருக்குப் புரியவில்லை. அக்கா அடுப்படி வாசலில் நின்ற கவிதாவின் அம்மா சரசு பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க வேலைக்கு வர்றீங்களா?"

"நானா? எனக்கு மலாய்கூட சரியா வராதும்மா."

"பெட்டியில சாமான் அடுக்குறதுக்கு மலாய் வேணாம். கண்ணும் கையும் சரியா இருந்தா போதும்."

முனியாண்டி குறுக்கிட்டார். "அவ வேலைக்குப் போனா வீட்ட யாரு பாக்குறது? சோறு யாரு ஆக்குறது?"

சரசு அம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கை நல்லாத்தானே இருக்கு? ஒத்தக் கையால அரிசி களையலாம். நான் போறேன்."

முதலில் சிரித்தவள் கவிதா. பிறகு முனியாண்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. இந்த வயதில் புது ஆளா என்று தொழிற்சாலை மேலாளர் முகம் சுளித்தார். அக்கா தன் பொறுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒப்புதல் வாங்கினார். பல்கலைக்கழக இடம் அதற்குள் கைநழுவிவிட்டது. அக்கா தொலைபேசியில் மன்றாடினார், முறையீடு எழுதினார், நேரில் போயும் பார்த்தார். பலிக்கவில்லை. "பாத்தீங்களா?" என்றார் முனியாண்டி. "அடுத்த வருசம் இருக்குண்ணே" என்று அக்கா விடவில்லை.

அந்த ஓராண்டு கவிதா வாராவாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உபகாரச் சம்பள நேர்முகத்துக்கு அக்கா அவளைத் தயார் செய்தார். கேள்விக்குத் தரையைப் பார்த்துப் பதில் சொன்னால், "தரையா உனக்கு மார்க் போடப் போகுது?" என்று அதட்டுவார். நான் நேர்முக அதிகாரியாக நடிக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்து, பல முறை அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டேன்.

மறு ஆண்டு இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளம் முழுவதும் கிடைக்கவில்லை. ஒரு பகுதியைக் கல்விக் கடனும், மிச்சத்தைப் பீடோங் சபையும் பாடாங் செராய் மாரியம்மன் கோயில் குழுவும் சேர்ந்து ஏற்றன. கவிதா புறப்பட்ட அன்று சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் அவள் பெட்டியை முனியாண்டி யாரிடமும் கொடுக்காமல் ஆறிய தோளில் தானே தூக்கி வந்தார். கவிதா இன்று பினாங்கில் கணக்காய்வாளர். சரசு அம்மா அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றார்.

கவிதாவுக்குப் பிறகு அக்காவைத் தேடிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வராதவர்களைத் தேடி அக்கா போனார். உதவி கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் கொடுப்பவர் எல்லாரிடமும் வாங்கியதுமில்லை. ஒரு முறை வசதியான ஒருவர் பெரிய தொகை தர முன்வந்தார். பிள்ளைகளையும் பெற்றோரையும் மேடையில் வரிசையாக நிறுத்தி, பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுத்துப் பத்திரிகையில் போட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

"பிள்ளைங்க படிச்சு முடிச்ச பெறகு கூப்பிடுங்க. பட்டம் வாங்குன அங்கியோட வந்து உங்களோட நிப்பாங்க. இப்ப வேணாம்" என்றார் அக்கா.

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டு எங்களுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. சபையிலேயே சிலர் அக்காவைக் குறை சொன்னார்கள். அக்கா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பழைய மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். "உனக்கு யாரோ குடுத்தாங்கள்ல? இப்ப நீ யாரோ" என்று மட்டும் சொல்வார். குறைந்த தொகை நிறைந்தது.

எல்லாப் பிள்ளைகளும் கரை சேர்ந்தார்கள் என்று எழுதினால் அக்காவே என்னைத் திருத்துவார். பாதியில் விட்டவர்கள் உண்டு. அப்படி ஒருவனைத் தேடிப் போய் விடுதி வாசலில் மழையில் நாங்கள் காத்திருந்தும் அவன் படிப்புக்குத் திரும்பவில்லை. "போகட்டும், பையன் பொழச்சுக்குவான்" என்று சொன்னாலும், விடுதி மறையும்வரை காரிலிருந்து அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பையனுக்கு இன்று பீடோங்கில் சொந்தப் பட்டறை இருக்கிறது. அவன் தம்பி பொறியியல் படிக்கிறான்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "கேட்டவன் சரியில்ல, சரியானவன் கேக்கல" என்று சிரிப்பார். கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். சமைக்கத் தெரியாது. அவர் வைத்த ரசத்தை எங்கள் வீட்டுப் பூனையும் குடித்ததில்லை. பாட்டுப் பாடாமல் கார் ஓட்டத் தெரியாது. பாடிக்கொண்டே ஓட்டியதையும் நல்ல ஓட்டம் என்று சொல்ல முடியாது.

மிஸ் எட்னா இறந்த செய்தி வந்தபோது, பீடோங்கில் நம் சிறிய சபை அவருக்காக எழுந்து நின்று ஜெபித்தது. அவரை நேரில் கண்டவர் எங்களில் அக்கா ஒருவர்தான். ஆயினும் அன்று அழாதவர் குறைவு.

சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொண்ட நாட்களிலும் அக்கா சோர்ந்து உட்காரவில்லை. படுக்கையில் இருந்தபடியே பிள்ளைகளோடு பேசினார். மருத்துவமனையில் கடைசியாகச் சேர்த்தபோது, சபையார் சிலர் அவர் பெயரில் ஒரு கல்வி நிதி தொடங்கலாமா என்று கேட்டார்கள்.

"என் பேர வெச்சா என்னையப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பீங்க. பேரு வேணாம். வேலைய நிப்பாட்டாதீங்க" என்றார். பிறகு என் மனைவியிடம் கஞ்சி கேட்டார். இரண்டு வாய் குடித்துவிட்டு, உப்பு போதவில்லை என்றார். மறுநாள் விடிவதற்குள் அமைதியாக உறங்கிப்போனார்.

அக்காவை இறுதிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர்கள், டயாலிசிஸ் நிலையத்து நண்பர்கள் ஆகியோருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதி ஆராதனையை நடத்திய போதகருக்கும், சவப்பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், அன்று முழுவதும் பந்தலில் தேநீர் ஊற்றிய சபைப் பெண்களுக்கும் நன்றி. விபூதி நெற்றியோடு வந்து நம் பாமாலைகளைக் கடைசி வரிசையில் நின்று கேட்ட பாடாங் செராய் கோயில் குழுவினருக்கு நன்றி. தூர தேசத்திலிருந்து ஆறுதல் அனுப்பிய கல்லூரித் தோழிகளுக்கும், தம் முதல் சம்பளத்திலிருந்து உதவத் தொடங்கிய அத்தனை பிள்ளைகளுக்கும் நன்றி.

இன்றைய ஆராதனைக்குப் பின் மதிய உணவு உண்டு. அனைவரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை இருந்தால், சாப்பிட்டதும் தேவாலயத்தின் பின்னால் இருக்கும் ஞாயிறு பள்ளி அறைக்கு அழைத்து வாருங்கள். கவிதா பினாங்கிலிருந்து வந்திருக்கிறார். நானும் அங்கே இருப்பேன். கதவு திறந்திருக்கும்.